இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

இரண்டாம் வகுப்பு படிக்கும்வரை, கார் என்றால் நான்கு சக்கரமும் ஒரு கல்லும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல் இல்லாமல் ஒரு கார் எப்படிக் கிளம்பும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. எங்கள் கல் ஒரு பக்கம் சப்பையாக, மழையில் நனைந்து நனைந்து கறுத்துப் போயிருக்கும். அதை வைப்பதும் எடுப்பதும் என் வேலை. வேறு யாராவது அதைத் தொட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அப்பா குன்னூருக்கு மேலே ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். சம்பளக்காரர்களும் கார் வாங்கலாம் என்று சின்னக் கார்கள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச் சென்ற கடுகு மஞ்சள் நிறக் கார் ஒன்று அப்பா கைக்கு வந்தது. வந்த முதல் மழைக்காலத்திலேயே அதைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மெக்கானிக் அதைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, திரும்பி வந்ததை மாட்டினார். அடுத்த குளிருக்கு மறுபடியும் படுத்தது. மலைக்குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பழைய கார்கள் மாதிரி முன்னால் கம்பி விட்டுச் சுற்றலாம் என்றால், இதில் அதற்கு ஓட்டையே கிடையாது.

ஆனால் மலையில் இருப்பவனுக்குச் செல்ஃப் எதற்கு? எங்கள் வீட்டு வாசலிலிருந்து எஸ்டேட் கேட் வரை நல்ல இறக்கம். காரை இறக்கம் பார்த்து நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டால் போதும். காலையில் நான் கல்லை எடுப்பேன். கார் தானாக உருளும். அப்பா கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார். ஒரு குலுக்கல், ஒரு இருமல், உடனே உயிர் வந்துவிடும். நான் கைதட்டுவேன். தினமும் கைதட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது கார் ஏற்றத்தில் ஏறி வருவதால் மூக்கு மேலே பார்த்திருக்கும். அதனால் அப்பா வீட்டைத் தாண்டி மேலே பெரட்டுக்களம் வரை போவார். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிவைத்து வேலை பிரிக்கிற இடம் அது. அங்கே காரைத் திருப்பிக்கொண்டு வந்து, கீழே பார்த்து நிறுத்துவார். கொட்டுகிற மழையானாலும், உடம்பு சரியில்லாமல் வந்த நாளானாலும் இது தவறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போவோம். அங்கே பேக்கரிக்கு எதிரே சரிவான ரோட்டில், எங்கள் கார் மாதிரியே இன்னும் மூன்று கார்கள் நிற்கும். ஒரு ஹெட்மாஸ்டருடையது, ஒரு கம்பவுண்டருடையது, வெடிமருந்து பாக்டரியில் வேலை பார்ப்பவர் ஒருவருடையது. வெளியே நின்று டீ குடித்தபடி நால்வரும் தத்தம் காரைப் பற்றிப் பேசும் பேச்சு இருக்கிறதே, பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். லிட்டருக்கு இத்தனை ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். கொண்டை ஊசி வளைவில் ஒருவர் மூன்றாவது கியரில் ஏறினால், அடுத்தவர் நான்காவதில் ஏறியிருப்பார். அப்பாவுக்கென்று ஒரு வாசகம் இருந்தது.

"நம்ம வண்டி ஒரு நாளும் நம்மள ஏமாத்துனதில்லீங்க."

அது பொய்யும் அல்ல. கிளம்பிவிட்டால் எங்கள் கார் எங்கேயும் நின்றதில்லை. நின்றுவிட்டால் கிளம்பாது, அவ்வளவுதான். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அந்த நான்கு கார்களும் மூக்கைக் கீழே நீட்டி, ஆளுக்கொரு கல்லை முட்டுக் கொடுத்து வரிசையாக நிற்பதை நான் பார்ப்பேன். அதைப் பற்றி மட்டும் அவர்கள் யாரும் வாயைத் திறந்ததில்லை.

எங்களோடு அத்தையும் இருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அத்தையை வளர்த்ததெல்லாம் அப்பாதான். அத்தை நர்ஸ் படிப்பு முடித்திருந்தார். பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுப்பதாகவும், கோயம்புத்தூருக்குக் காலை ஒன்பது மணிக்கு நேர்காணலுக்கு வரவேண்டும் என்றும் அவருக்குத் தபால் வந்தது. கிடைத்தால் வடக்கே எங்கே வேண்டுமானாலும் போடுவார்களாம். அத்தை வீடு முழுக்கப் பறந்துகொண்டிருந்தார். எங்கள் எஸ்டேட்டுக்கு முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். "கார்ல கூட்டீட்டுப் போறேன்" என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊரைப் பார்க்க எல்லோருமே போகலாம் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கோயம்புத்தூரைப் பார்த்ததே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் கார் சத்தம் கேட்டதும் கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அப்பா மேலே போய்த் திருப்பவில்லை. ஏறி வந்தபடியே வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். நான் வழக்கம்போல முன்சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைக்கப் போனேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். காரின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. இது ஏதோ புது வித்தை, கோயம்புத்தூர் போவதற்கென்று செய்வது என்று எனக்கு ஒரே குஷி.

விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. அத்தை கஞ்சி போட்ட சேலையில் முன்சீட்டில் உட்கார்ந்தார். அப்பா சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும் திருப்பினார். டக். அது எடுக்காது என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பா அன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உதவிக்கு வந்தார்கள். "தள்ளுங்க கிளாக்கரய்யா, மேல கொண்டுபோய்த் திருப்பிரலாம்" என்று அவர்களில் மூத்தவர் சத்தம் கொடுத்தார். அத்தை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார். கார் கொஞ்சம் ஏறும், பனியில் கால்கள் வழுக்கும், பழைய இடத்துக்கே வந்து கல்லில் முட்டி நிற்கும். எனக்குத் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது. கல்லைச் சரியான நேரத்தில் வைப்பதும் எடுப்பதுமாக நான் ஒருத்தியே அந்தக் காரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைப்பு.

கடைசியில் எல்லோரும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். அத்தையின் கஞ்சி போட்ட சேலை கசங்கிப் போயிருந்தது. அவர் அழவில்லை. நேரம் என்ன என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா அவர் தோளைத் தொட்டு, அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா அதுவரை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லாத அம்மா.

"ஏனுங்க, ரிவர்ஸ்ல போட்டுப் பின்னால உட்டா எடுக்காதுங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தார். அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்குமா அண்ணா?" என்றார்.

அப்பா காரைப் பார்த்தார், அத்தையின் ஈரக் கால்களைப் பார்த்தார்.

"எடுக்கும் கண்ணு. நம்ம வண்டி எடுக்கும்."

அவ்வளவுதான்! அம்மாவும் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். நான் கல்லை உருவி எறிந்துவிட்டுப் பின்சீட்டுக்குள் பாய்ந்தேன். கார் பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்தது. அப்பா கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஓட்டினார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் சீட்டில் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியே பார்த்ததால், எனக்கு மட்டும் கார் நேராகத்தான் போனது. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் ஓடின. எதிரே வந்த பால்காரர் சைக்கிளோடு ஓடைக்குள் இறங்கினார். கேட் பாய்ந்து வந்தது. அப்பா கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல், ஒரு இருமல், பிறகு உயிர்! மேலே கூடைக்காரப் பெண்கள் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. நான் கைவலிக்கத் தட்டினேன். அத்தை முன்னால் சாய்ந்து அந்தக் காரின் டேஷ்போர்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

கேட்டருகே திருப்பிக்கொண்டு, பர்லியார் வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கினோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் நான் திடுக்கிட்டுப் போனேன். எங்கே பார்த்தாலும் தட்டையாக இருந்தது. இறக்கமே இல்லாத இந்த ஊரில் இவர்கள் எப்படிக் காரைக் கிளப்புவார்கள் என்று கேட்டேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை உள்ளே இருந்த நேரமெல்லாம் அப்பா எஞ்சினை அணைக்கவே இல்லை. அணைத்தால் எங்கள் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். கார் நடுங்கிக்கொண்டே நின்றது, பிறகு ஆவி விட்டது. அம்மா ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி வந்து முன்னால் ஊற்றினார். பக்கத்தில் ஓர் ஆள் தன் காரில் ஏறி, சாவியைத் திருப்பி, கல்லும் இறக்கமும் இல்லாமல் நேராகப் போய்விட்டார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அத்தை வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "சந்தோசம் கண்ணு" என்றார்.

அடுத்த ஞாயிறு பேக்கரி எதிரே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செல்ஃப் செத்துப் போனது, கல், பின்பக்க ஓட்டம், எல்லாம். அப்பாவின் கை டீ கிளாஸோடு பாதியில் நின்றது. கம்பவுண்டர் எங்கேயோ பார்த்தார். ஹெட்மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரிவர்ஸ்லயே எடுத்துச்சுங்களா?"

அந்தக் குரலில் இருந்த பொறாமையை நான் மறக்கவே மாட்டேன். அன்றுமுதல் அவர்கள் நால்வரும் கற்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அத்தையை வடக்கே ஏதோ ஒரு பனி ஊரில் போட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் ரயிலேற்றிவிட்டுக் காருக்கு வந்தோம். அன்றைக்கு அப்பா எஞ்சினை அணைத்திருந்தார். தள்ளிவிட ஆள் பிடிக்காமல் அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். செல்ஃபைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது நானும் கார் ஓட்டுகிறேன். சாவியைத் திருப்பினால் எடுக்கிற கார்தான். இருந்தும் எங்கே போனாலும் என் கை தானாக இறக்கம் பார்த்தே நிறுத்துகிறது. ஒருநாள் அப்படி நிறுத்தி இறங்கும்போதுதான், அத்தனை வருஷத்தில் அப்பா திருப்பாமல் நிறுத்தியது அந்த ஒரே ஒரு சாயங்காலம்தான் என்பது எனக்கு உறைத்தது. தங்கையிடம் போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைக் காரிடம் விட்டிருந்தார். தன் கார் எடுக்காது என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு இரண்டுமே வாசற்படியிலேயே தெரிந்திருக்கிறது.

நம்ம வண்டி ஒரு நாளும் ஏமாற்றியதில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் அது தன்னை ஏமாற்றாதா என்று அவர் ஏங்கியிருக்கிறார். அது தெரியாமல் நான் பின்சீட்டில் கைதட்டிக்கொண்டிருந்தேன்.