குமிழி விடாத நாகப்பன்

நாகப்பன் அண்ணனைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு ஒரு அவசியமும் இல்லை. வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெட்ரோல் டாங்க் செய்யும் கம்பெனியில் நான் வெல்டர். நான் பற்றவைத்து அனுப்பும் டாங்கைத் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்றடித்து, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வந்தால் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பதினான்கு வருடமாக அதே தொட்டி, அதே வட்டம். கடுகளவு குமிழியைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. போதாக்குறைக்கு, சேரப்பணஞ்சேரியில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். காலையில் என் டாங்க் நான்கைத் திருப்பி அனுப்பியவர், சாயங்காலம் மாடிக்கு மீன்குழம்பு அனுப்புவார். இப்படிப்பட்ட மனிதரோடு நிம்மதியாகச் சண்டைகூடப் போட முடியாது.

பேச்சிலும் அவர் அப்படித்தான். மனதில் இருப்பது ஒரு சொட்டு வெளியே வராது. ஒரே மகள் நிலாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தபோது, அவர் மனைவி காந்திமதி அக்கா தெருவுக்கே கேசரி கொடுத்தார். அண்ணன் வேலைக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “அங்க குளுரும், ஸ்வெட்டர் வாங்கிக்க” என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் நிலா மாடிக்கு வந்தாள். துணி காயப்போடுகிறவள் போல ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள்.

“சித்தப்பா, நான் போறது அப்பாவுக்குக் கஷ்டமாவே இல்லியா? ஒரு வார்த்த பேச மாட்டேன்றாரு.”

“உங்கப்பா என்னிக்கும்மா பேசுனாரு? உள்ளுக்குள்ள எல்லாம் இருக்கும் பாத்துக்க” என்றேன்.

“உள்ளுக்குள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவ அவரு வாயால சொல்லிட்டார்னா, நான் நிம்மதியா ரயில் ஏறிடுவேன்.”

அதை நேராகக் கேட்டிருக்கலாம். அப்பனைப் போலவேதானே பெண்ணும் இருக்கும்? அவள் வேறொன்றைக் கேட்டாள். வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் எண்பத்திரண்டாம் வருடத்து எஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே இரண்டாம் கையாக வாங்கியது. ஐந்தாம் வகுப்புவரை நிலா அதன் டாங்கின்மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாளாம். ஓடாமல் நின்று பத்து வருடம் ஆகிவிட்டது.

“நான் கெளம்புற ஞாயித்துக்கெழம காலைல குன்றத்தூர் கோயிலுக்குப் போவணும்பா. இந்த வண்டிலதான் போவணும்.”

“பாக்கலாம்” என்றார் அண்ணன்.

அடுத்த வார லீவிலேயே வாசலில் சாக்கை விரித்துவிட்டார். எஞ்சினில் கோளாறு இல்லை, பெட்ரோல் போகும் பாதைதான் செத்துக்கிடந்தது. கார்புரேட்டரைத் திறந்தால், பத்து வருடத்துப் பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி உள்ளே இறுகியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பக்கத்தில் நம்பர் எழுதிய சீட்டும் வைத்தார்.

“இன்னாயா இது, சோறு போட ஒரு தட்டு இல்ல! எல்லாத்துலயும் உன் வண்டிதான் கீது!” என்று கத்தினார் காந்திமதி அக்கா. அன்று எல்லோரும் வாழையிலையில் சாப்பிட்டோம்.

பிரித்தது ஒரு நாள் என்றால், சேர்க்க அடுத்த இரண்டு வாரத்து லீவு நாளும் பிடித்தது. பெட்ரோல் பீச்சும் ஜெட்டின் துளையில் ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டு எடுத்து, வானத்தை நோக்கிப் பிடித்து, வெளிச்சம் தெரிந்த பிறகுதான் மாட்டினார். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்டார். குழாய்த் திறப்பானுக்குப் புது வாஷர், கீழே புது ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் கிளிப். ஒரு கிளிப்பை நான் முடுக்கினேன். நான் கை கழுவப் போன நேரத்தில் அதைக் கழற்றித் தானே மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் கோபப்பட்டால் நான் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

கடைசியில் டாங்க். துருவை எடுத்துக் கழுவியாயிற்று, மூடியும் மாட்டியாயிற்று. மகள் உட்காரப்போகிற வண்டியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகக் கூடாது என்று, நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி டாங்கை முக்கிவிட்டார். சைக்கிள் பம்பால் நான் காற்றடித்தேன். அவர் குனிந்து பார்த்தார். கம்பெனியில் பார்ப்பாரே, அதே பார்வை.

“துரை, இங்க பாரு. வுட்டுக்கினு கீது.”

மூடியின் நடுவிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றித் திருப்பினால் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. சட்டைப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து வட்டம் போட்டார். நான் எம்-சீல் பிசைந்து கொடுத்தேன். பூரி மாவு மாதிரி நன்றாகவே பிசைந்தேன். அடைத்துக் காயவைத்து மறுபடி முக்கியபோது ஒரு குமிழி இல்லை.

“இப்ப ஓகே” என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை டாங்க் பற்றவைத்திருக்கிறேன் தெரியுமா?

சனிக்கிழமை சாயங்காலம், ஒன்பதாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. புகை தெருமுனைவரை போனது, வண்டியும் அதுவரை போய்த் திரும்பியது. நிலா கைதட்டினாள். அண்ணன் துணியால் டாங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படப்பை பங்கில் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, அளந்து வைத்திருந்த ஆயிலையும் ஊற்றி மூடியை இறுக்கினார். நிலா பின்னால் ஏறிக்கொண்டாள். அர்ச்சனைக் கூடையோடு காந்திமதி அக்கா என் வண்டியில் வந்தார். மணிமங்கலம் ஏரிக்கரையில் அண்ணனின் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க நிலா மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடிவிட்டு உதைத்தால் உடனே கிளம்பியது. பிளக்தான் கோளாறு என்று முடிவு செய்தோம். மூன்று கிலோமீட்டரில் மறுபடியும் நின்றது. மறுபடியும் பிளக், மறுபடியும் புஸ், மறுபடியும் கிளம்பியது.

மூன்றாவது தடவை சோமங்கலம் தாண்டி நின்றபோது, அண்ணன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மாலையில் ரயில். பெண் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் நடுரோட்டில் நிற்கிறது.

நிலா அவரைப் பிளக்கைத் தொடவே விடவில்லை. மூடியை மட்டும் திறந்தாள். புஸ். உதைத்தாள், கிளம்பியது. “பிளக்கு இல்லப்பா, மூடி. பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணும்ல? காத்து வர வழியில்லன்னா பெட்ரோல் உள்ளயே நின்னுடும். அந்த வழி எங்கப்பா?” என்று மூடியைத் திருப்பினாள். நடுவில் சிவப்பு வட்டம், அதற்குள் நான் பிசைந்த எம்-சீல்.

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆளுக்கு ஆயிரக்கணக்கில் டாங்க் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் கம்பெனிக்கு மூடி வருவதே இல்லை. டாங்க் வாயில் ரப்பர் அடைப்பானைச் செருகித்தான் சோதிப்போம். மூடி போடுவது ஒரகடத்தில் வேறு யாரோ. வண்டி மூச்சுவிட வைத்திருந்த ஓட்டையை ஒழுகல் என்று நினைத்து அடைத்துவிட்டோம்.

“ஓட்டைய அடச்சிட்டேன்மா” என்று அண்ணன் ரோட்டோரச் சிறுபாலத்தின் கட்டைமேல் உட்கார்ந்தார்.

நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனும் சிரித்தார், தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.

“நீ போறது எனக்கு ரொம்பக் கஷ்டமா கீதும்மா. போவாதன்னு சொல்லல. போ, நல்லா இரு. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கெளம்புறப்ப நீ தூங்கிக்கினு இருப்ப. வாசல்ல உன் செருப்பு கீதான்னு பாத்துட்டுதான் பஸ் ஏறுவேன். நாளையிலேர்ந்து இன்னாத்தப் பாக்குறது?”

நிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “இத வூட்லயே சொல்றதுக்கு இன்னாப்பா?” என்று அழுதாள். நான் எதிர்ப்பக்கம் திரும்பி ஏரி எதையோ பார்ப்பதுபோல் நின்றேன். அங்கே ஏரி இல்லை.

காந்திமதி அக்காதான் தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினார். “ரெண்டு பேரும் அழுது முடிச்சீங்கன்னா இதால ஓட்டையக் குத்துங்க. நட சாத்திடப் போறாங்க.”

அண்ணன் எம்-சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார், நிலா ஊக்கால் துளையைத் திறந்தாள். அதன்பிறகு வண்டி குன்றத்தூர் அடிவாரம்வரை ஒரு இருமல் இல்லாமல் போனது. சாயங்காலம் ரயில் ஏறும்போது அந்த ஊக்கை நிலா தன் துப்பட்டாவில் குத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை எங்களுக்கு இரண்டாம் ஷிப்டு. காலையில் கீழே இறங்கினால், அண்ணன் வண்டியின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை மார்க்கரால் ஒரு பொட்டு. எங்கள் கம்பெனியில் அதற்குப் பாஸ் என்று அர்த்தம். என் டாங்குகள் அபூர்வமாகப் பார்க்கும் பொட்டு அது.

“கையெல்லாம் பெட்ரோல். நீ போட்டோ எடுத்து நிலாவுக்கு அனுப்பு” என்றார். அனுப்பினேன். உடனே பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன்: “சூப்பர். அப்பா இன்னிக்கு அழுதாரா?”

அண்ணன் வாசலில் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் ஃபோனைப் பார்த்தார்.

“ஆமான்னு போடு” என்றார்.