அண்ணன் முடித்துவைத்த ஜப்பான் படம்

அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். மேலே ஒரு வாள் படம், உள்ளே பளபளவென்று ஒரு டிஸ்க். பழைய பிலிமைத் தேடிப் பிடித்து, கீறல்களை எல்லாம் துடைத்து, வெட்டி எறிந்த காட்சிகளையும் திரும்பச் சேர்த்துப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். “அத்தை, அப்பாவோட ஜப்பான் படம்” என்றான். பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க ரத்தம். இந்தக் கருமத்தைத் துடைக்க ஒரு கம்பெனியா என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்ததிலிருந்து அவருக்குப் பேச்சு கிடையாது. உதட்டை மட்டும் அசைப்பார். அது எனக்குத்தான் சட்டென்று பிடிபடும். அவர் அசைக்க அசைக்க நான் சத்தமாகச் சொல்வேன். டாக்டரிடமும் அப்படித்தான், மளிகைக் கடையிலும் அப்படித்தான். அன்றைக்கும் சொன்னேன்: “கடைசிச் சீன் இருக்காடா?”

“முழுசா இருக்குப்பா” என்றான் மகன்.

அண்ணனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்த வில்லன் கடைசியில் வெட்டுப்பட்டானா இல்லையா என்பது அவருக்கு அதுவரை தெரியாது. ஊருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னவருக்கே தெரியாது.

இளவட்டத்தில் அவர் வீடியோ டெக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மலைமேல் ஏலத் தோட்டத்துக் கூலிக்காரர் லயங்களில் மாரியம்மன் பொங்கல் என்றால் டிவியையும் டெக்கையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடுவார். அந்த ஜப்பான் கேசட் கேரளாப் பக்கம் யாரிடமோ கிடைத்தது. அடியில் எழுத்து ஓடாது, ஒரு வார்த்தை புரியாது. சண்டை மட்டும் சும்மா பின்னும். அண்ணன் கோயில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓடக் கதையைத் தமிழில் சொல்வார். ஜப்பான் பாஷை அவருக்கு எப்படித் தெரியும்? டீக்கடை மலையாளமே அவருக்குத் தகராறு. எல்லாம் சொந்தச் சரக்கு. கேசட் தேய்ந்துபோய் ரத்தம் கறுப்பாகத் தெரியும். “வெசத்தைக் குடிச்சு வளந்த பயலுக, அதான் ரத்தம் கறுத்துக் கெடக்கு” என்று அடித்துவிடுவார். சனம் தலையாட்டும்.

அந்தக் கேசட்டில் கடைசிச் சீன் இல்லை. வாள்காரன் வில்லன் வீட்டுக்குள் நுழைந்து வாளை ஓங்குவான். அடுத்த நொடி தாலி கட்டுகிற மேடை வந்துவிடும். எவனோ அதன் மேலேயே ஒரு கல்யாணத்தைப் பதிந்து வைத்திருந்தான். வாள் ஓங்கியதும் அண்ணன் டிவியை அணைத்துவிடுவார். இருட்டில் மைக்கில் மட்டும் மிச்சக் கதை வரும்.

அவர் கதையில் அந்த வாள்காரன் ஒரு தம்பி. படத்தின் தொடக்கத்தில் செத்துக் கிடப்பாளே ஒரு பெண், அவள் அவனுடைய அக்கா. “கட்டிக்குடுத்த எடத்துல எங்க அக்காவைக் கொளுத்திட்டு, அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொன்னியேடா பாவி. இந்தா வாங்கிக்க.” அவ்வளவுதான் கதை.

எங்கள் அக்காவைத் தோட்டத்துக் கங்காணி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு நாள் மலையிலிருந்து ஜீப் வந்து நின்றது, அக்கா இல்லை என்றார்கள். ஸ்டவ் வெடித்ததாம். ஸ்டவ்வுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்று அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், போன உயிர் வரவா போகிறது என்று முடித்துவிட்டார்கள். கேஸ் இல்லை, ஒன்றுமில்லை. அம்மா பார்த்தால் அழுவாள் என்று அக்காவின் போட்டோவை எடுத்துப் பெட்டியில் வைத்தோம். பிறகு அவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணன் மட்டும் அந்தத் தோட்டத்துப் பொங்கலுக்கு வருஷம் தவறாமல் அதே கேசட்டைக் கொண்டுபோனார். முன் வரிசையில் அக்கா புருஷன் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் புதுப் பெண்டாட்டி. சனத்துக்கு விஷயம் தெரியும், மூச்சு விடாது. அண்ணன் மைக்கில் அவரை வெட்டிச் சாய்ப்பார். முடிந்ததும் அந்த ஆள் எழுந்து வந்து, “மாப்ளே, ரொம்ப நல்லாச் சொன்ன. வா, டீ குடிச்சிட்டுப் போ” என்பாராம்.

“அவனுக்கு ஒறைக்கவே இல்ல ஆத்தா” என்று அண்ணன் என்னிடம் வந்து சொல்வார். பிறகு தோட்டமெல்லாம் கேபிள் வந்தது, அண்ணன் தொழிலை விட்டார். கேசட் பூசணம் பிடித்துப் போனது.

மகன் டிஸ்க்கைப் போட்டதும் ஜன்னலைச் சாத்தினேன். மத்தியான வெயில் அவ்வளவு. படம் வந்தது. அடேயப்பா, என்ன துல்லியம். புல்லில் பனித்துளி தெரிகிறது. ரத்தம் சிவப்போ சிவப்பு, நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் என் முழங்கையைத் தட்டினார். படிக்கச் சொல்கிறார். அடியில் இங்கிலீஷ் ஓடியது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

தொடக்கத்திலேயே சிக்கல். வாள்காரன் அந்தப் பெண்ணுக்குத் தம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. கூலிக்கு வந்தவன். அதைச் சொல்லாமல் விழுங்கப் பார்த்தேன். அண்ணன் திரும்பி முறைத்தார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு கைகள் அறுந்தன, தலைகள் உருண்டன, நான் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

கடைசிச் சீன் வந்தது. மழை. வில்லன் கிழவனாகி, தனியாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். வாள்காரன் உள்ளே வந்து வாளை ஓங்கினான். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“எதுக்கு வந்தே?” என்கிறான் கிழவன்.

“அந்தப் பொண்ணுக்காக.”

அடுத்த வரியைப் படித்துவிட்டு நான் நிறுத்தினேன். அண்ணன் முழங்கையைத் தட்டினார். இன்னொரு முறை, பலமாக.

“எந்தப் பொண்ணு?” என்று சொன்னேன்.

கிழவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. வாள்காரனுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. பிறகு வாளை இறக்கி உறையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டான். கிழவன் மிச்சக் கஞ்சியைக் குடித்தான். படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “இதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணித் தொடச்சானுங்க? நீங்க சொன்ன கதைதாண்ணே கதை” என்றேன்.

அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. காலையிலிருந்து அவருக்கும் படத்துக்கும் மாறி மாறிப் பேசிய வாய், யோசிக்காமல் ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொல்லிவிட்டது.

“அக்காவுக்கு நாம ஒண்ணுமே செய்யலையே.”

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தமே வராமல் அவர் தோள் மட்டும் குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மகன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்பாவுக்கு அக்கா இருந்தாங்களா, அத்தை?” என்று கேட்டான்.