பதினோரு வருடத்துப் படுக்கை விரிப்புகள்

அரசாங்கம் என் அக்காவுக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு கடன்பட்டிருந்தது. பொது மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் பதினோரு வருடம் தினக்கூலியாக நின்றதற்கு, ஓய்வு பெற்றபோது தந்திருக்க வேண்டிய பணம். என் கல்லாவில் ஒரே நாளில் புரளும் தொகைதான் அது. என் சாக்குக் கடையைப் பார்த்தவர்கள் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அதற்காக அவள் நான்கு வருடம் அலைந்தாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத வந்துவிட்டான் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். மூன்று லாரியும் இரண்டு மாடிக் கிடங்கும் சம்பாதித்த கைக்குப் பேனா பிடிக்கவும் தெரியும்.

அப்பா போனபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினேழு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மறு வாரமே அக்கா சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். நீளமான தகரக் கொட்டகை அது. ஒரு பக்கம் மூன்று கொப்பரைகள், நடுவில் சிமெண்டுத் தொட்டிகள், பின்புறம் கம்பிக் கொடிகள். இரத்தம் பட்ட விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு துணியாகிவிடும் என்பாள். எந்த மூட்டை எந்த வார்டிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். "பிரசவ வார்டு மூட்டை எவ்வளவு கனமா இருந்தாலும் தூக்கலாம்டா. அந்த இன்னொரு மூட்டை இருக்கே, அது காலியா இருந்தாலும் கனக்கும்" என்பாள். பிளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி அவள் உள்ளங்கை வெளுத்து, தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. காய்ந்த விரிப்புகளை வார்டு ஆட்களிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணுவாள். சேர்ந்த புதிதில் இரண்டு விரிப்பு குறைகிறது என்று சொல்லி இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்களாம். அதிலிருந்து அவள் எண்ணுவது வெளி வாசல் வரை கேட்கும்.

"ஏம்மா, இப்படிக் கத்தி எண்ணுறியே, நாங்க என்ன திருடங்களா?" என்று வார்டு ஆள் ஒருவன் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அது எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது எண்ணுறது, எண்ணுறேன். முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு. என் மூஞ்சியப் பாக்காதீங்க, துணியப் பாருங்க. முப்பத்தாறு."

அந்தக் கூலியில்தான் எனக்குச் சாப்பாடு. பதினைந்து வயதில் எனக்கு முதல் கைவண்டி வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கூலிதான். யார் துணையும் இல்லாமல் மேலே வந்தவன் நான் என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசும்போது கைவண்டிக் கதையை விட்டுவிடுவேன். இங்கே விடவில்லை.

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவளை நிரந்தரமாக்கினார்கள். அதே கொட்டகையில் இன்னும் இருபத்தொன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றாள். கணக்குப் பார்த்து வந்த கடிதத்தில் இருபத்தொன்பது வருடம்தான் இருந்தது. முந்தைய பதினோரு வருடத்துக்கு வருகைப் பதிவேடு கிடையாது, ஈரத்தில் ஊறிப் போனதால் எப்போதோ கழித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். தினக்கூலிக்காரர்களுக்கு அப்போது கொடுத்த பித்தளை வில்லையை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். எண் மூன்று. அதை முந்தானையில் முடிந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"இந்த மாதிரி வில்லைய யார் வேணும்னாலும் செஞ்சு வெச்சுக்கலாம்மா" என்றாராம் அதிகாரி.

"அப்ப அந்தப் பதினோரு வருஷமும் நோயாளிங்க வெறும் கட்டில்லயா சார் படுத்திருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவைத் திறந்து கத்தையாக எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பெரிய மனுஷா, எடுத்து உள்ள வை. நீ குடுத்தா அது தம்பி காசு. நான் துவைச்ச காசு அவங்ககிட்ட இருக்கு. அவங்க ஆள் ஒருத்தன் எனக்கு எதிர்ல உக்காந்து, என் கையில எண்ணி வைக்கணும். கூடவே நானும் சத்தமா எண்ணணும். அவ்வளவுதான்டா எனக்கு வேணும்."

அப்போது எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருடைய அலுவலகம் என் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. பாதி வாடகைக்கு விட்டிருந்தேன். அந்தம்மா பாதி நாள் வெளியூரில் இருப்பார். அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய உதவியாளர். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டி மாட்டியிருப்பார். ஊரே அவரை நூல்கண்ணாடி என்றுதான் சொல்லும், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். உறுப்பினர் சபையில் வைக்கிற எழுத்துக் கேள்விகள் எல்லாம் அவர் தட்டச்சு செய்தவைதான். எத்தனை பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குக் கதவு இல்லை, எந்த மருந்தகத்தில் மருத்துவர் இல்லை, பேருந்து ஏன் பாலத்தோடு திரும்பிவிடுகிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் அச்சாகிச் சபையில் வைக்கப்படும். அதன்பிறகு நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று எந்த இலாகாவும் சாதிக்க முடியாது.

அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். பணத்தை எதிரில் உட்கார்ந்து எண்ணிக் கையில் வைக்க வேண்டும் என்பது வரை அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். வெறும் கட்டில் விஷயத்தைச் சொன்னதும், "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்துவந்து என் கடையில் படித்துக் காட்டினார். இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை பொது மருத்துவமனையின் சலவைக் கூடம் எத்தனை நாள் இயங்காமல் இருந்தது? நாளொன்றுக்கு எத்தனை விரிப்புகள் துவைக்கப்பட்டன? எத்தனை பணியாளர்கள் துவைத்தார்கள்? அவர்களை எப்படி அடையாளம் கண்டார்கள்?

படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கய்யா என் அக்கா பேரு?" என்றேன்.

"பேரு போட்டா தள்ளிடுவாங்க முதலாளி. ஒருத்தரோட சொந்தக் குறைய சபையில கேள்வியா கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. பொது வேலையப் பத்தித்தான் கேக்கலாம்."

"அவ செஞ்சது பொது வேலை இல்லாம என்னய்யா?"

"அதத்தான நானும் கேட்டிருக்கேன். நீங்க வேற, அவங்க பெருமைய அவங்க வாயாலயே சொல்ல விடணும். எத்தன விரிப்புன்னு கேட்டா, நெஞ்ச நிமித்திக்கிட்டு எழுதுவாங்க. அந்த எழுத்து நமக்குப் போதும்."

"என் அக்கா என்ன விரிப்பா? இந்த ஊர்ல என் பேரச் சொன்னா லாரி நிக்கும். என் கட்டடத்துல உக்காந்துக்கிட்டு என் அக்கா பேரப் போட முடியாதுங்கிறியே!"

அவர் கண்ணாடியைக் கழற்றி நூலை முறுக்கினார். "போடலாம். திரும்பி வந்துடும். கூட்டத்தொடருக்குக் கேள்வி குடுக்க இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இது திரும்பி வந்தா மாத்திக் குடுக்க நேரம் இருக்காது. அடுத்த தொடர் ஏழு மாசம் கழிச்சு."

நான் கேட்கவில்லை. என் அக்காவின் பெயர் சபையில் அச்சாக வேண்டும், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். நூல்கண்ணாடியைத் தாண்டி நேராக உறுப்பினர் அம்மாவிடம் போனேன். தேர்தலின்போது அவருக்கு என் லாரிகளைச் சும்மா கொடுத்தவன் நான். அதை அவருக்கு நினைவுபடுத்தவும் செய்தேன். "சரிண்ணே, உங்க விருப்பம்" என்று அவர் கையெழுத்துப் போட்டார். பெயர், வயது, வில்லை எண் எல்லாவற்றோடும் கேள்வி போனது.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. மேலே ஒரே வரி: தனிநபர் குறை, ஏற்பதற்கில்லை. கேள்வி கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. நூல்கண்ணாடி அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் கீழே போனார். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சண்டை போடவாவது வாய்ப்பு இருந்திருக்கும்.

அக்காவிடம், "இலாகாக்காரங்க தட்டிக் கழிச்சுட்டாங்க, அடுத்த தொடர்ல பாத்துக்கலாம்" என்று சொன்னேன்.

"ஏழு மாசம்தான? நாலு வருஷம் பொறுத்தவளுக்கு ஏழு மாசம் என்னடா. நான் எங்க போயிடப் போறேன்" என்றாள்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில், கொடியில் தன் சேலையைப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அவள் துணி துவைத்த அதே மருத்துவமனையில்தான் இருபது நாள் கிடந்தாள். படுக்கை விரிப்பின் ஓரத்தில் இருந்த நீல முத்திரையை இடது கை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கணவர் போன பிறகு அக்காவோடு இருந்த அவள் மகள் என்னிடம், "மாமா, அம்மா என்னமோ சொல்ல வர்றாங்க" என்றாள். எனக்கு என்ன என்று தெரியும். விரிப்பு சரியாக வெளுக்கவில்லை.

ஏழாவது மாதம் நூல்கண்ணாடி தன்னுடைய பழைய கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொடுத்தார். இந்தத் தடவை நான் கடையை விட்டு இறங்கவே இல்லை. பதில் அச்சாகி வந்த அன்று அவரே மாடியேறி வந்து படித்தார். மேற்படி பதினோரு ஆண்டுகளில் சலவைக் கூடம் ஒரு நாளும் நின்றதில்லை என்பதைத் தெரிவிப்பதில் இலாகா பெருமை கொள்கிறது. நாளொன்றுக்குச் சராசரி அறுநூறு விரிப்புகள். தினக்கூலிப் பணியாளர் நால்வர் இடைவிடாது பணியாற்றினர் என்பது மருத்துவமனையின் ஆண்டறிக்கைகளால் தெரியவருகிறது. அவர்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட பித்தளை வில்லைகள் வழங்கப்பட்டிருந்தன.

"வந்துடுச்சு முதலாளி" என்றார். நான் சொன்ன மாதிரியே என்ற தொனி அதில் இல்லை. கண்ணாடியைத் துடைத்தார். "போன தொடர்லயே வந்திருக்கும்" என்று நான்தான் சொன்னேன். "அத விடுங்க" என்றார்.

அச்சான பதிலையும் வில்லையையும் இணைத்து விண்ணப்பம் போனது. அமைச்சர் கையெழுத்துப் போட்ட பதிலை அவருடைய அலுவலகமே பொய் என்று சொல்ல முடியுமா? ஆறு வாரத்தில் பணம் ஒதுக்கினார்கள். நெருங்கிய ஆண் உறவினர் என்ற முறையில் என் கணக்குக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார்கள். நானும் சரி என்றிருப்பேன். நூல்கண்ணாடிதான் விடவில்லை. நடக்க முடியாத ஓய்வூதியர்களுக்குக் காசாளர் வீட்டுக்கே வந்து கையில் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி ஒன்றை எங்கிருந்தோ தோண்டி எடுத்தார். "அக்கா அன்னைக்கி சொன்னாங்கல்ல" என்றார்.

காசாளர் வருவதற்கு முதல் நாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் போடச் சொன்னது நான்தான், அதனால்தான் ஏழு மாதம் போயிற்று, என் திமிரில்தான் போயிற்று என்று சொன்னேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிப் பேசியவன் இல்லை நான். அவள் என்னையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னித்தாளா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காசாளர் தோல்பையோடு வந்தார். இளவயதுக்காரர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அக்கா மகள் அவளைத் தலையணை வைத்து உட்கார்த்தினாள். காசாளர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தக் கைல தரட்டும்?" என்று கேட்டார். மகள் இடது கையை நீட்டிவிடப் போனாள். அக்கா அதை இழுத்துக்கொண்டாள். அந்த இடது கையாலேயே தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி திருப்பினாள். வெளுத்த கை. விரல்கள் தாமாக விரிந்து கிடந்தன.

காசாளர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு முதல் ஐந்நூறு நோட்டை வைத்தார். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றேன்.

காசாளர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எண்ணிட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

"இருக்கட்டும் தம்பி. நீங்க வைங்க. ரெண்டு."

சந்தையில் நான்கு கடை தள்ளிக் கேட்கிற குரல் என்னுடையது. இருபதைத் தாண்டியதும் அது எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. நோட்டு சரியும்போதெல்லாம் அவள் இடது கையால் அணை கொடுத்தாள். எழுபத்தாறு என்றேன். பிறகு நூறு நூறாக நான்கு. கடைசி நோட்டை உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காசாளர் தன் கையை எடுத்துக்கொண்டார். அக்காவின் விரல்கள் மடங்கவில்லை.