வயலில் கட்டிய சீடி

நிந்தவூர் ஸைனுலாப்தீன் காக்கா தூரத்தில் வந்தால் இப்போதும் சைக்கிளை அடுத்த ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவேன். வெட்கம். வேறென்ன?

ஊரில் எல்லாருக்கும் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. மாவடிப்பள்ளியில் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். சுனாமியில் கடல் வந்த அன்று வீட்டையும் ஒன்பது வயது மகள் உம்முவையும் பறிகொடுத்தவர். பிள்ளையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு கட்டாரிலிருந்து வந்த மச்சான், தான் பாவித்த கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பு லீவில் வந்தபோது அவர் எடுத்த உம்முவின் பதினொரு படங்கள் அதற்குள் மட்டுந்தான் இருந்தன. விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்து தினமும் அதைத்தான் பார்ப்பார்.

யுத்தம் முடிந்த வருடம், சிறுபோகக் கதிர் முற்றும் நேரம், கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் காட் எரிந்து, வேறொரு கடையில் புதியது போட்டார்கள். திரையில் எல்லாமே பெருத்து, உம்முவின் முகம் பாதிதான் தெரிந்தது. கல்முனையில் கம்ப்யூட்டர் திருத்தும் என் கடைக்குத் தூக்கி வந்தார். எனக்கிருந்தது மூன்று மாத கோர்ஸ். அதற்கே ஊர் என்னை ‘கம்ப்யூட்டர் சேர்’ என்றது. எனக்கும் தலை வீங்கிக் கிடந்தது.

“தம்பி, காட்டோட இந்த சீடியும் தந்தாங்க. வேணுமா?”

போட்டுப் பார்த்தேன். பாட்டுமில்லை, படமுமில்லை. கடையில் நாலு பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இது சும்மா சீடி காக்கா. வயல்ல கட்டுங்க, மினுங்கும். குருவி வராது.”

இரண்டு நாள் மண்டையை உடைத்தும் சரிவரவில்லை. கூட்டாளி ஜுனைட்டுக்குப் போன் எடுத்தேன். “காட்டோட வந்த சீடியப் போடுடா மடையா, அதுலதான் காட்ட வேல செய்யவெக்கிற டிரைவர் இரிக்கி” என்றான்.

குருவிக்குக் கட்டச் சொன்னதைத் திருப்பிக் கேட்கவா? என் மானம் என்னாவது! படங்களை வேறாக எடுத்துவைக்க நினைக்காமலே எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். திரை அப்படியே பெருத்து நின்றது. படங்கள்தான் போய்விட்டன.

“வைரஸ் திண்டிட்டு காக்கா” என்றேன். நாக்கு அழுகியிருக்க வேணும் எனக்கு.

“ஒண்டும் இல்லையா தம்பி?”

“இல்ல காக்கா.”

கொஞ்ச நேரம் கீபோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் ரெண்டு நாளா மெனக்கெட்டிங்க. அல்லாட நாட்டம்” என்று எழும்பினார். வாசலில் நின்று திரும்பினார்.

“அந்த சீடிய நீங்க சென்ன மாதிரியே வயல்ல கட்டினன். நல்ல யோசின தம்பி. ஒரு குருவி வரல்ல.”

நான் தலையை ஆட்டினேன்.