பனியில் சேறு தேடிப் போன கோமளா

மார்கழிப் பனி ஏரியின்மேல் இறங்கிவிட்டால் காலை ஒன்பது மணிக்கு முன் யாரும் படகு எடுக்கக் கூடாது. பசியாவரத்தில் அது ஊர்க் கட்டுப்பாடு. அன்று ஆறரைக்கே அதை மீறச் சொல்லிக் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் கோமளா. அவள் தங்கை சுதாவுக்கு விடியற்காலையிலிருந்து இழுப்பு. மூச்சுக்கு அடிக்கும் பம்ப் காலி. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நூற்றியெட்டு வண்டி அக்கரையில், பழவேற்காட்டில் வந்து நிற்கிறது. பாலம் இன்னும் திறக்கவில்லை.

"அஞ்சு அடிக்கு அப்பால ஒண்ணும் தெரியல. நான் எப்டி உடுறது?" என்றார் படகுக்காரர் தருமலிங்கம்.

"ஒம்போது மணி வரைக்கும் இவ தாங்குவாளாண்ணா? நீயே பாரு."

அவர் சுதாவின் உதட்டைப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பினார்.

ஆம்புலன்ஸ் நர்ஸ் கிறிஸ்டினா போனில் சொன்னாள்: "சைரன் போட்டே வெக்கிறோம். சத்தத்தப் புடிச்சிக்கினு வாங்க."

கோமளாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, தரையைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அகப்பட்டதை அதில் போட்டபடியே நகர்வாள். இருபத்தைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. படகும் வலையும் வைத்திருப்பவர்கள் வாயில் அவளும் அவள் ஆட்களும் வெறும் 'தடவுறவங்க'.

சைரன் முதலில் நேர் எதிரே கேட்டது. பிறகு இடப்பக்கம். சற்று நேரத்தில் முதுகுப்பக்கம். ஒவ்வொரு முறையும் தருமலிங்கம் படகைத் திருப்பினார். கால் மணி நேரம் ஆகியும் கரை வரவில்லை.

"நிறுத்துண்ணா!" என்று சொல்லிவிட்டுக் கோமளா தண்ணீரில் குதித்தாள். மார்பளவு ஆழம். குளிர் எலும்பைக் குத்தியது. பாதத்தின் கீழே மணல். அதுவும் நில்லாமல் குதிகாலடியில் அரித்துக்கொண்டு ஓடியது.

"மணலு. முகத்துவாரத்தாண்ட வந்துட்டோம். இன்னும் கொஞ்சம் போனா கடலு."

"கையால தடவுறவ எனக்கு வழி சொல்றியா? சைரன் அந்தாண்டதான் கேக்குது."

"மூணு பக்கமும்தான் கேக்குது. எந்தப் பக்கம் போவ?"

அவர் இன்ஜினை நிறுத்தினார்.

படகுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, கடல் பக்கம் ஓடும் நீருக்கு எதிராக நடந்தாள். பின்னால் தருமலிங்கம் கோல் ஊன்றித் தள்ளினார். மணல் கெட்டிப்பட்டது. பிறகு சிப்பி. பாதத்தைக் கிழித்தது, ஆனாலும் நடுஏரிக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. இனி கருஞ்சேறு வர வேண்டும், அதுதான் பழவேற்காட்டுக் கரை.

நாலு அடி வைத்ததும் தரையே இல்லை. படகு போகத் தோண்டிய பள்ளம். மூச்சைப் பிடித்து முங்கினாள். ஆழத்தில் கையை விட்டுத் தடவினாள். பிசுபிசுவென்று களி. முன்னே சரிவு மேலேறியது. தலையைத் தூக்கி, "நேராத் தள்ளு!" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த விசில் மூச்சு கேட்கவில்லை.

"சுதா! ஏய், சுதா!"

"பேச மாட்டேங்கறா," என்றார் தருமலிங்கம். "கண்ணு தொறந்துதான் கீது. சீக்கிரம் போம்மா."

மேடேறினாள். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை எழுந்தபோது கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. கறுப்பு, நாற்றம் பிடித்த சேறு. பத்தடி தள்ளிப் பனிக்குள் ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுழன்றது.

கிறிஸ்டினா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து சுதாவை வாங்கினாள். முகத்தில் மாஸ்க்கை வைத்து, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். எழுபத்தெட்டு என்றது. கோமளாவுக்குக் கணக்குப் புரியவில்லை. கிறிஸ்டினாவின் முகம் புரிந்தது.

வண்டி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. சாலையிலும் அதே பனி. டிரைவர் கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து, எருமை நடையில் ஓட்டினார். கோமளாவின் காலிலிருந்து ரத்தம் வண்டித் தரையில் சொட்டியது. துணி கட்ட வந்த கிறிஸ்டினாவை, "மொதல்ல அவளப் பாரும்மா" என்று தள்ளினாள். தங்கையின் கையை விடவே இல்லை. எண்பத்திரண்டு. எண்பத்தாறு.

வழியில் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டும்போது சுதா மாஸ்க்கை விலக்கினாள்.

"அக்கா, உன் சேல முழுக்க ஈரம். எனக்குக் குளிருது, கொஞ்சம் தள்ளி குந்து."