கொட்டியாச்சு

கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் தோட்ட ரோட்டில் கஜேந்திரனைத் தெரியாத ஆள் கிடையாது. கல்யாணமா, பெண்பிள்ளைக்குச் சடங்கா, அடையாள அட்டைக்குப் படமா, கூப்பிடு கஜேந்திரனை என்பார்கள். தொண்ணூற்றிரண்டில் டவுன் ஸ்டூடியோவில் பிலிம் கழுவப் போனவன், முதலாளி ராமச்சந்திரன் கண்ணை மூடியதும் கடையைத் தானே எடுத்து நடத்தினான். குடியிருப்பு மட்டும் மாறவில்லை. தோட்டக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், பிறந்த அதே காம்பராவுக்குத்தான் ஷாமிளாவையும் கட்டிக் கூட்டி வந்தான். அவன் சிங்களம் பேசினால் சிங்களவனே ஊர் எது என்று கேட்பான். அடையாள அட்டையை நீட்டும்வரை தமிழன் என்று யாருக்கும் தெரியாது. நீட்டிய பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த லயத்துக்குப் போனால் உங்களுக்கே மூச்சு முட்டும். மூன்று பக்கம் மலை, மிச்சப் பக்கம் ரப்பர் மரம். ஒரு தடவை கடைச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போய், ராத்திரி முழுக்க பொலிஸ் பெஞ்சில் குந்தியிருந்துவிட்டு வந்தவன், அப்புறம் பலாங்கொடைக்கு அப்பால் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டான். திறந்திருந்தது மேல் பக்கம் மட்டும். அதனால் மேலே பார்த்தான். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

பார்க்கக் கற்றுக் கொடுத்தது தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை. வானப் பைத்தியம் பிடித்த மனிதர். படம் பிடிக்கத் தெரிந்தவன் என்று கஜேந்திரனை பங்களாவுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். இரண்டாயிரத்து ஆறில் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது, கப்பலில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று டெலஸ்கோப், கெமரா, பழைய லெப்டொப் எல்லாவற்றையும் இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். "அந்த மனுசன் பிரிட்ஜையாச்சும் குடுத்திருக்கலாம்" என்று ஷாமிளா வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாமான்களில் இரண்டின் மேல் கஜேந்திரனுக்கு உயிர். ஒன்று, ஒரு சிவப்பு பில்டர். வானத்தில் ஹைட்ரஜன் வாயு மேகமாகப் பரந்து கிடக்கிறதே, நெபுலா என்பார்கள், அது விடுகிற ஒரேயொரு சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்ற வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். மற்றது, கெமராவுக்கு முன்னால் பூட்டுகிற சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடி. பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். காற்றிலோ அதிர்விலோ நட்சத்திரம் நடுங்கினால், கண்ணாடியும் அந்தக் கணமே அந்த அளவு சாய்ந்து படத்தை ஆடாமல் வைத்திருக்கும். ஒரு வினாடிக்குள் எத்தனை தடவை சாயும் என்று கேட்டால் கஜேந்திரன் சிரிப்பான்.

ஒரே தொல்லை, நம்முடைய வெக்கை. கெமரா சூடானால் படம் முழுக்கப் புள்ளி விழும். அதற்கு அவன் ஒரு வழி கண்டான். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் டெலஸ்கோப். கீழே ஒரு வாளி. மீன் தொட்டி மோட்டார் வாளித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கெமராவின் முதுகுக்கு ஏற்றும். வாளியில் ஐஸ் கொட்டுவது ஷாமிளாவின் வேலை. ஐஸ் வருவது கபூரின் மீன் கடையிலிருந்து. அதனால் நெபுலா எடுக்கிற நாளெல்லாம் வீட்டில் சாளை மீன் வாடை அடிக்கும்.

இரண்டாயிரத்து எட்டு, பெப்ரவரி. பொழுது சாய்ந்து சோறு ஆக்குகிற நேரம். தொட்டியின் மேலிருந்து அவன் கத்தினான்.

"ஏய், கொட்டியாச்சா?"

"கொட்டியாச்சுங்க, கொட்டியாச்சு. எத்தன தடவ சொல்றது?"

கீழே ரோட்டில் இரண்டு ஊர்காவல்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி. அந்த வருஷம், பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நிமிர்ந்து பார்த்தால் தொட்டியின் மேல் ஒரு தமிழன், பக்கத்தில் வானத்தை நோக்கி ஒரு குழல். இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

ரோட்டோரம் புதிதாகப் போட்டிருந்த ஆமி முகாமுக்கு ஆளையும் சாமானையும் கொண்டு போனார்கள். ஐஸ் கதையைச் சொன்னான், யாரும் நம்பவில்லை. அவனுடைய நல்ல சிங்களமே அவனுக்கு எமனாயிற்று. தோட்டத்தான் இப்படிப் பேச எங்கே பழகினான் என்று கேட்டார்கள். ஷாமிளா முகாம் வாசலில் கிடந்தாள். கூடவே பக்கத்துக் காம்பரா மூக்காயி. கொழுந்து பறிக்கப் போகாமல், அன்றைய சம்பளப் பேரு போனாலும் போகட்டும் என்று ஷாமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். "எங்க புள்ளைங்க, தங்கமான புள்ளைங்க" என்று போகிற வருகிற சிப்பாய் எல்லோரிடமும் தமிழிலேயே சொன்னாள். பொழுது இறங்கியதும் இரண்டு பேரையும் லயத்துக்கு விரட்டிவிட்டார்கள்.

மறுநாள் இருட்டிய பிறகு முகாம் பெரியவர் அவனைக் கூப்பிட்டார். அடிக்கிற மனிதர் இல்லை. களைத்துப்போன முகம். மல்லி, தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

"காலையில கொழும்புக்கு ஒரு வாகனம் போகுது மல்லி. உன்னையும் ஏத்தச் சொல்லியிருக்கு. அங்க போனா எப்ப திரும்புவன்னு எனக்கும் தெரியாது. இது நட்சத்திரப் படம் எடுக்கிற மிஷின்னு சொல்ற. அப்ப எடுத்துக் காட்டு. இங்கேயே, இப்பவே."

அப்படிப் போன இரண்டு பேரைக் கஜேந்திரனுக்குத் தெரியும். ஒருவன் இன்னும் வரவில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். நாலு மூலையிலும் பெரிய மஞ்சள் விளக்கு. பக்கத்தில் ஜெனரேட்டர், தரை அதிர அதிர ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்தயா, லைட்ட கொஞ்சம் அணைச்சா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒரு சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான்.

"லைட் அணையாது" என்றார் பெரியவர்.

சரி, வேறு வழியில்லை. வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதன் கோடியில் இருக்கும் நட்சத்திரத்தைப் பெட்டிக்குப் பிடித்துக் கொடுத்தான். அதற்குப் பக்கத்தில்தான் குதிரைத்தலை நெபுலா இருக்கிறது. பில்டரைப் போட்டான். முகாம் சமையலறை ஐஸை வாளியில் கொட்டி மோட்டாரை ஓடவிட்டான். முதல் படம் திரையில் வந்தது. கறுப்பு, அதில் நாலைந்து புள்ளி. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் "இதை நான் கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன்" என்றான். எலிப் பல் கடிக்கிற மாதிரி பெட்டி மட்டும் உள்ளே மெல்லக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கெமரா திறந்திருக்கும் நேரத்தைக் கஜேந்திரன் கூட்டி வைத்தான். முருகா, மேகம் வராமல் பார்த்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

படம் வந்தது. கெமரா கறுப்பு வெள்ளை; சிவப்பு மேகம் சாம்பல் நிறத் திரைச்சீலையாக விழுந்திருந்தது, அதற்கு முன்னால் குதிரையின் தலை. பிடரி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, மூக்கின் ஓரத்தில் புகை கிழிந்து நிற்பது தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்தத் தொட்டியின் மேல் முக்கி முக்கி எடுத்த எதிலும் இவ்வளவு துலக்கம் இல்லை. எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

பெரியவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இவ்வளவு வெளிச்சத்திலயா?"

"இந்த லைட்ட பில்டர் உள்ள விடாது மாத்தயா."

"ஜெனரேட்டர் அதிருதே?"

"எவ்வளவு அதிர்ந்தாலும் பெட்டி சரி பண்ணிரும். ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் அதுக்குப் போதும். என்னா தூரத்தில இருந்தாலும் அப்படியே புடிச்சு நிறுத்திரும்."

அட பாவி, அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? கடையில் கல்யாண வீட்டாருக்கு அல்பம் காட்டுகிற நினைப்பு அவனுக்கு. வாய் நிற்கவே இல்லை. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு சார்ஜண்டைப் பார்த்து, காலை வாகனத்தில் இவன் போகத் தேவையில்லை என்றார். கஜேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீ வீட்டுக்குப் போகலாம் மல்லி. நாளையிலிருந்து பின்னேரம் பின்னேரம் இங்க வந்துரு." மலைப்பக்கம் கையைக் காட்டினார். "போறதுக்கு முன்னால இதை அந்த லயத்துப் பக்கம் திருப்பு."

"மாத்தயா, இது வானத்துக்குத்தான்..."

"வானத்தவிட லயம் கிட்டத்தானே இருக்கு?"

கஜேந்திரன் பில்டரைக் கழற்றினான். டெலஸ்கோப்பைத் தாழ்த்தினான். லயத்து வாசல் பல்ப் ஒன்றைப் பெட்டி பிடித்துக்கொண்டது. படம் தலைகீழாக வந்தது. பெரியவர் லெப்டொப்பையே கவிழ்த்துப் பிடித்தார். பல்புக்கு அடியில் ஒருத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகாமையே பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் மினுங்குவது தெரிந்தது.

"யார் இது?"

"மகே நோனா" என்றான் கஜேந்திரன். என் சம்சாரம்.

பெரியவர் லேசாகச் சிரித்தார். "பாவம், சீக்கிரம் போ. அடுத்த கதவு மட்டும் காட்டிட்டுப் போ."

அடுத்த கதவு மூக்காயியுடையது. படியில் ஒருவன் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய மருமகன் சுமன். வவுனியாவிலிருந்து தப்பி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை; வடக்கிலிருந்து வந்தால் பொலிஸில் பதிய வேண்டும், அதுவும் செய்யவில்லை. லயமே அவனை மூடி வைத்திருந்தது. கஜேந்திரன் பெட்டியின் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். பின்னால் நின்ற சிப்பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். படம் திரையில் அப்படியே நின்றது. மீசை, கழுத்துத் தழும்பு, கோப்பையில் எழும் ஆவி, எல்லாம் இருந்தது.

"உன் பக்கத்து வீடு. தெரியாதுன்னு சொல்லாத" என்றார் பெரியவர். "காலை வாகனத்தில இப்ப ஒரு இடம் இருக்கு. யார் இவன்?"

பல்புக்கு அடியில் நின்ற ஷாமிளாவை நினைத்தான். பகலெல்லாம் முகாம் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூக்காயியையும் நினைத்தான்.

"சுமன்" என்றான் கஜேந்திரன்.