கோடையில் பின்னிய கையுறைகள்

1997-ஆம் ஆண்டுக் கோடை. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில், மகனின் அபார்ட்மென்ட்டில் நானும் மனைவியும் ஆறு மாத விசிட்டர் விசாவில் தங்கியிருந்தோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை எனக்குப் பொழுது போகாது. தாசில்தாராக ஓய்வு பெற்றவனுக்கு, மனுவோடு யாரும் வராத ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குப்பை போடும் கிழமை முதல் கார் நிறுத்தும் கோடு வரை குடியிருப்பின் விதிகளை முழுவதும் படித்து முடித்தபின், வாசலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கே எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழ்வீட்டு மூதாட்டி, எண்பதைத் தாண்டியவர், பேத்தியோடு வசித்தவர். வெயில் கொளுத்தும் ஜூலையில் கம்பளி நூலில் கையுறை பின்னிக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே அறை. ஒவ்வொரு ஜோடியிலும் வேறு கோலம். யாருக்கு என்று கேட்டேன்.

“ஆறு ஆம்பளைங்களுக்கு” என்றார் ஆங்கிலத்தில். பேரன்களா என்றேன். “பேரனே கிடையாது. ஆறுல நாலு பேரைப் பிடிச்சாச்சு. இன்னும் ரெண்டு பேர் தேடணும்.”

அதற்கு மேல் சொல்லவில்லை. நான் விடுவேனா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்தேன். அவருடைய நாடு லாட்வியா. மகனின் அட்லஸில் தேடிப் பிடித்தேன்; பால்டிக் கடலோரம் என் விரல்நுனிக்குள் மறைந்துவிடும் அளவுதான். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ரஷ்யப் படை நெருங்க, கைக்குழந்தையையும் தாயையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணையை விட்டுக் கிளம்பியிருக்கிறார். கணவர் திரும்பவில்லை. கப்பலில் ஜெர்மனி, அங்கே அகதி முகாமில் சில வருடங்கள், பிறகு அமெரிக்கா. இதே மாநிலத்தின் தென்கோடியில் ஒரு காய்கறித் தொழிற்சாலையில், ஓடும் பட்டையில் வரும் பட்டாணியில் சொத்தை பொறுக்கியே மகளை வளர்த்தார். அந்த மகளும் போய், பேத்தி மட்டும் மிச்சம். சோவியத் பிடியிலிருந்து நாடு விடுதலையானதும் ஊருக்குப் போய்ப் பார்த்தாராம். “எங்க வீட்ல வேற யாரோ இருந்தாங்க. காபி குடுத்தாங்க. நல்லாவே இருந்தது. குடிச்சிட்டு வந்துட்டேன்.”

ஒருநாள் பாதி பின்னிய கையுறையை என் கைமேல் வைத்து அளந்தார். எனக்குத்தான் பரிசு என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் என் தோளையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, எடை தூக்குவேனா என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் ஊரில் சவப்பெட்டியைச் சுமப்பவர்களுக்குக் கையுறை கொடுப்பது வழக்கம். அதையும் இறப்பவரே முன்கூட்டிப் பின்னி வைத்திருந்தால் இன்னும் விசேஷம். சர்ச்சில் இருந்த சிநேகிதர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்கு முட்டி வலி.

“எங்கம்மாவை முகாம்லேர்ந்து நிலக்கரி வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க” என்றார். “நான் சக்கரத்துல போக மாட்டேன். கைகள்ல போகணும்.”

எங்கள் பக்கத்தில் நாலு பேர், அவர்களுக்கு ஆறு பேர். மற்றபடி நடைமுறை புரிந்தது. என் விசா நவம்பரில் முடிகிறது, அதற்குள் என்றால் வருகிறேன் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “முயற்சி பண்றேன்” என்றார்.

வீட்டில் சொன்னதும் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அப்பா, விசிட்டர் விசால வந்துட்டு இந்த கமிட்மென்ட் எல்லாம் தேவையா உங்களுக்கு?” கடைசியில் அந்த ஆறாவது ஆள் அவன்தான். அவன் கையையும் அளந்தாயிற்று.

மூதாட்டி சொன்ன சொல் தவறவில்லை. அக்டோபரில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பேத்தி ஒரு கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஆறு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு நின்றோம். அப்போது ஈமச்சடங்கு நிறுவனத்தின் மேலாளர் ஒரு சக்கரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். புல் ஈரமாக இருக்கிறது, இன்ஷூரன்ஸ் விதிப்படி தூக்க அனுமதியில்லை, பெட்டியின்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு கூடவே நடக்கலாம் என்றார். பேத்தி எவ்வளவோ கெஞ்சினாள். அவர் மிக மரியாதையாக மறுத்தார்.

அந்த மரியாதையை எனக்குத் தெரியும். என் சர்வீஸ் முழுவதும் நான் காட்டியது அதுதான். இல்லாத விதியை வாயால் சொல்வது சுலபம், கையெழுத்துப் போடுவதுதான் கஷ்டம். நான் முன்னே போய், அனுமதி மறுப்பதை விதி எண்ணோடு எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள், காத்திருக்கிறோம் என்றேன். மகன் என் சட்டையை இழுத்தான். “அப்பா, இது தாலுகா ஆபீஸ் இல்ல. விடுங்க.”

மேலாளர் என்னையும் என் பூப்போட்ட கையுறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆபீசுக்குள் போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தவர், மெதுவாக நடங்கள் என்று மட்டும் சொல்லி, வண்டியைத் தானே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தாலுகா ஆபீஸ் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

தூக்கினோம். அவ்வளவு சிறிய மனுஷிக்கு அந்தப் பெட்டி கனம் அதிகம். ஈரப் புல்லில் என் கால் ஒருமுறை வழுக்கியது; எதிரே பிடித்திருந்த மகன் எடையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். இரும்புப் பிடியின் குளிர் கம்பளியைத் தாண்டி வரவில்லை. கையுறை எங்கும் தளரவில்லை, எங்கும் இறுக்கவில்லை. குழி வரை ஒரு சக்கரமும் உருளவில்லை.

வீடு திரும்பியதும் மனைவி எங்கள் இருவரையும் நேராகக் குளிக்க அனுப்பினாள். சாவு வீட்டுப் பொருள் வீட்டுக்குள் வரலாமா என்று கையுறைகளைப் பற்றிக் கேட்டாள். யார் எதற்காகப் பின்னியது என்று சொன்னேன். அவளே எடுத்து, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் வைத்தாள்.

இப்போது அவை ஈரோட்டு வெயிலில், பீரோவில், நாப்தலீன் உருண்டைகளோடு கிடக்கின்றன. மகன் அமெரிக்காவிலேயே இருக்கிறான். எல்லா நடைமுறையும் தெரிந்த நான், எனக்கான நாலு பேரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை; ஆனாலும் புதிதாக ஒருவர் கை குலுக்கினால், அந்தக் கையின் அளவு என்ன என்று ஒரு நொடி என் மனம் பார்த்துக்கொள்கிறது.